இலை விலக்கி எடுத்த படம்

கல்முனையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் றினாஸுக்குக் குருவிகளைப் படம் பிடிப்பதில் பைத்தியம். அதை அறிந்துதான் காரைதீவு விஞ்ஞான ஆசிரியை சுஜித்தா, சாகாமக் காட்டில் தான் கவனித்துவந்த ஒரு கூட்டை அவனுக்குக் காட்டினாள். வழிகாட்டிப் போனவர் திருக்கோவிலில் விறகு வெட்டும் சின்னப்போடி.

இடுப்புயரச் செடியின் கவட்டில், சிலந்தி வலையால் இழைத்த சின்னக் கிண்ணம். அதற்குள் நீல ஈப்பிடிப்பானின் மூன்று குஞ்சுகள். தாயும் தகப்பனும் புதருக்கடியில் பூச்சி பிடித்து வந்து மாறிமாறி ஊட்டின.

"தூர நிண்டு எடுங்க, றினாஸ் நானா. ஒரு இலையையும் தொடப்படா," என்றாள் சுஜித்தா.

"ஓம் டீச்சர்."

மறுநாள் தனியாகப் போனான். இரண்டு கொப்புகள் கூட்டை மறைத்தன. முறித்துப் போட்டான். அலகில் தும்பியும் எதிரே திறந்த மூன்று வாய்களுமாகப் படம் அருமையாக விழுந்தது. முகநூலில் 'மாஷா அல்லாஹ்' என்று எழுதியவர்களே நூறு பேருக்கு மேல்.

மூன்றாம் நாள் சுஜித்தா அழைத்தாள். கூடு வெறுமையாகக் கிடந்ததாம்.

"ஆரோ கொப்ப முறிச்சிருக்காங்க. செண்பகப் பறவை கண்டு குஞ்சுகளத் தூக்கிட்டுப் போயிருக்கு. தாய்க்குருவி இன்னும் வாயில புழுவோட சுத்துது, நானா." குரல் உடைந்தது. "சின்னப்போடி அண்ணன்ர வேலைதான். இனி எங்களோட வரவேணாம் எண்டு சொல்லிப்போட்டன்."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். "அப்பிடியா டீச்சர்" என்றுதான் வந்தது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகையில், எத்தனையாவது றக்அத்தில் நிற்கிறோம் என்பதே மறந்துபோனது. இரண்டு நாள் பொறுத்தான். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருக்கோவிலுக்குப் போனான்.

"அண்ணன், அந்தக் கொப்ப முறிச்சது நான்."

"தெரியும் தம்பி," என்றார் சின்னப்போடி. "விறகோட வரக்குள்ள கண்டன்."

"அப்ப ஏன் டீச்சரிட்டச் சொல்லல்ல?"

"அவ என்னைக் கேக்கல்லியே, முடிவத்தானே சொன்னா. படம் எடுக்கிற ஆள் குருவிக்குக் கெடுதி செய்வாரா எண்டு அவ திருப்பிக் கேட்டிருந்தா, நான் என்னத்தச் சொல்ல?"

றினாஸின் முகம் எரிந்தது. அவர் கொடுத்த பிளேன்டீயைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. அங்கிருந்தே சுஜித்தாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "படத்த அழிச்சிருங்க. அண்ணனிட்டப் போனக் குடுங்க," என்றாள்.

கொடுத்தான். அவள் அவரிடம் அழுதழுது மன்னிப்புக் கேட்பது போனுக்கு வெளியேயும் கேட்டது. தான் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் றினாஸுக்கு உறைத்தது.