மூட்டைக்குள் போன சப்டைட்டில்

நேற்றைய தினத்தின் விலை பூஜ்யம். எங்கள் மென்பொருளை இறக்கிக்கொள்ளும் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது: இலவசம். நீங்கள் எழுதுவதை அது கட்டம் கட்டமாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். இன்று எழுதியது சொதப்பினால் நேற்று எழுதியதை எடுத்துக் கையில் கொடுக்கும். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றி எழுதி 'பேட்ச்' என்று எங்களுக்கு மெயிலில் அனுப்பலாம். வருகிற பேட்ச்களைப் படித்து, சேர்ப்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவுசெய்வது என் வேலை.

மொத்த ஜவுளி வியாபாரியான அப்பாவுக்கு இதை விளக்கியபோது, "சும்மா வர்ற சரக்கு, சும்மா போற சரக்கு. நடுவுல நீ என்னடா பண்றே?" என்றார்.

"பேரம் பேசறேன்பா."

அதைக் கேட்டபிறகுதான் அவருக்கு என்னைப் பற்றிய கவலை விட்டது.

பொய்யில்லை. ஆமை என்ற பட்டப்பெயரில் எழுதும் ஒருவர் ஒரு பேட்ச் அனுப்பியிருந்தார். மெயிலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஆமைப் படம். பதில் வருகிற வேகமும் அதற்குத் தோதாகவே இருக்கும். அப்பேர்ப்பட்டவர் அனுப்பியது, துப்புரவு வேலையை வேகமாக்கும் பேட்ச். எதனோடும் ஒட்டாமல் கிடக்கும் அநாதைப் பதிவுகளைத் தேடி ஒதுக்குவதுதான் துப்புரவு. ஆமை அவற்றை உடனே அழிக்காமல், மூட்டையாகக் கட்டி ஒரு மாதம் வைத்திருந்து அப்புறம் அழிக்கிற மாதிரி எழுதியிருந்தார்.

"மூட்டை எதுக்கு? உடனே அழிச்சிடலாமே," என்று எழுதினேன்.

"ஒரு மாசம் இருக்கட்டும் அண்ணே."

"இடத்தை அடைக்கும்."

"அடைக்கட்டும் அண்ணே."

"சரி, ஒரு நாள்."

"ஒரு மாசம்."

கடை வாசலை விட்டு இறங்கி நடந்தால் பின்னாலேயே கூப்பிடுவார்கள் என்பது எங்கள் வீட்டில் பல் முளைக்கும் முன்பே கற்றுக்கொள்கிற பாடம். பதில் போடாமல் இருந்தேன். ஆமை கூப்பிடவில்லை. கடைசியில் நானே வெட்கம் கெட்டுத் திரும்பிப் போய், "ரெண்டு வாரம்?" என்றேன். "சரி அண்ணே" என்று உடனே வந்தது. அவர் அவ்வளவு சீக்கிரம் பதில் போட்டு நான் பார்த்ததில்லை.

பேரம் படிந்த திருப்தியில் பேட்சைச் சோதனைப் பதிப்பில் சேர்த்துவிட்டேன். ஊருக்கெல்லாம் வெளியிடும் முன் அதைச் சில பேர் பயன்படுத்திப் பார்ப்பார்கள். அந்தச் சில பேரில் என் அக்காவும் ஒருத்தி. அது அப்போது அக்காவுக்குத் தெரியாது.

அக்கா எனக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள். சினிமாவுக்கு சப்டைட்டில் எழுதுவது தொழில். போன வாரம் ஒரு மதியம் போன் வந்தது.

"டேய், மேலே வா. உன் டப்பா என் படத்தைத் தின்னுடுச்சு."

இஸ்திரி போடும் பலகையின் மேல் லேப்டாப்பை வைத்து, கழுத்தில் ஹெட்போனோடு நின்றுகொண்டிருந்தாள். திரையில் ஒரு நடிகை பாதி அழுகையில் உறைந்திருந்தாள். இயக்குநர் இரண்டாம் பாதியின் சப்டைட்டில் முழுவதையும் திரும்பத் திரும்ப மாற்றி எழுதச் சொல்லிவிட்டு, இன்று காலையில், "முதல்ல எழுதினதே நல்லா இருந்ததும்மா, அதையே போட்டுடுங்க" என்றாராம். சாயங்காலம் படம் அனுப்பியாக வேண்டும். முதலில் எழுதியதைக் கேட்டால், அப்படி ஒரு பதிவே இல்லை என்கிறது எங்கள் மென்பொருள்.

"ஞாபகத்துல இருந்து எழுத முடியாதாக்கா?"

"பாதிப் படம்டா. உன் பொண்டாட்டி போன் நம்பர் உனக்கு ஞாபகம் இருக்கா?"

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன்.

"இவ்வளவு பெரிய கம்பெனி இப்பதான் முதல் தடவையா கூப்பிட்டிருக்கு. இன்னைக்கு சொதப்பினா மறுபடி கூப்பிட மாட்டாங்க. பாத்துக்க."

பார்த்தேன். ஒரு ஃபோல்டரில் வேலை நடக்கும்போதே பக்கத்தில் இன்னொன்றைத் திறந்து தனியாக எழுதிப் பார்க்கும் வசதி எங்கள் மென்பொருளில் உண்டு. அக்கா முதலில் எழுதியது அப்படிப் பக்கத்து ஃபோல்டரில்தான். ஆமையின் பேட்ச் ஒவ்வொரு பதிவையும் காட்டி, 'இது உன்னுடையதா?' என்று பெரிய ஃபோல்டரிடம் மட்டும் கேட்டிருக்கிறது. இல்லை என்றதும் அநாதை என்று முடிவுகட்டிவிட்டது. பக்கத்தில் இருந்தவரைக் கேட்கவே இல்லை.

நான் முதலில் பார்த்திருக்க வேண்டிய இடம் அது. நாள் கணக்கில் மல்லுக்கட்டிய ஜோரில், பேல் கட்டைப் பிரித்துத் துணியைப் பார்க்காமல் விலையை மட்டும் முடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இந்தத் தப்பை யாரும் செய்ததில்லை. செய்திருந்தால் வெளியே சொன்னதில்லை.

"ஏன்டா உனக்கு இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு மூட்டை இருக்கணும்."

உடனே அழி என்ற என் பேச்சு மட்டும் எடுபட்டிருந்தால் மூட்டையும் இல்லை, முடிச்சும் இல்லை. பிரிக்கும் கட்டளையைத் தட்டினேன். திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு வரி வரியாகக் கொட்ட ஆரம்பித்தது.

அக்கா குனிந்து ஒன்றைப் படித்தாள். "'நீ கிளம்பு. கதவை நானே சாத்திக்கிறேன்.' இதுதான்டா! இதேதான்!" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, "தண்ணி கொண்டா" என்றாள். கொண்டுவருகிற வழியில் பாதியை நானே குடித்துவிட்டேன்.

படம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இயக்குநர், "பாத்தீங்களா, நான் சொல்லலை?" என்றாராம்.

அன்றே ஆமையைப் போனில் பிடித்தேன். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"மூட்டை இருந்ததே அண்ணே, அப்பாடா! எதையாவது மறப்பேன்னு தெரியும். எதைன்னுதான் தெரியலை. அதான் மூட்டை."

"அவ்வளவு பயம்னா ரெண்டு வாரத்துக்கு ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"எனக்கு அதுவே போதும் அண்ணே. நீங்க பாதியா குறைப்பீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க."

பேரத்தில் தோற்றுவிட்டு இத்தனை நிம்மதியாகச் சிரித்தது அன்றுதான்.

பக்கத்து ஃபோல்டரையும் கேட்கும்படி பேட்சைத் திருத்தினோம். யார் எழுதியது, யார் பிழையைக் கண்டது என்று அடியில் குறிப்பது எங்கள் வழக்கம். அக்கா தன் பெயரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்றாள். போட்டேன். குறிப்பில் 'சோதனைப் பதிப்பு' என்று இருந்ததையும் படித்துவிட்டாள். அதோடு விடவில்லை, யார் தப்புக்கு யார் ஈடு என்று கணக்கையும் நேர் செய்யச் சொன்னாள்.

ஆமை மறந்தது ஒன்று, மூட்டை கட்டியது ஒன்று: நேர். நான் பார்க்காமல் விட்டது ஒன்று, மூட்டையைப் பிரித்தது ஒன்று: நேர் என்றேன்.

"என்னைக் கேக்காமலே என் கம்ப்யூட்டர்ல சோதனை பண்ணியே, அது யார் கணக்கு?"

அக்காவுக்கு நான் தர வேண்டியது ஒன்று. பாக்கி நிற்கிறது.