மேயர் குடித்த தண்ணீர்

"டம்ளரை எந்தக் கையில புடிச்சிருந்தாரு? வலதா, இடதா?" என்று கேட்டார் சிற்பி.

மேயரிடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குமாஸ்தா முகத்தைச் சுளித்தார். மேயர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் சிலை வேறு! கையில் டம்ளரோடு, மீசையில் துளித் தண்ணீர் நிற்பதுபோல வேண்டுமாம். செத்தும் அந்த மனுஷன் அவரை விட்டபாடில்லை.

"வலது கை" என்றார்.

"பக்கத்துல நின்னது நீங்கதானாமே. கொடுத்து வச்சவரு!"

கொடுத்துத்தான் வைத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தேர்தலுக்குள் குழாய்களைத் திறந்தே தீரவேண்டும் என்று மேயர் ஒற்றைக்காலில் நின்றார். வடிகட்டும் தொட்டி பாதிகூடக் கட்டி முடியவில்லை. குழாயைத் திறந்தால் கலங்கலாக வந்தது. ஜனங்கள் கிட்டேயே வரவில்லை. உடனே மேயர் பத்திரிகைக்காரர்களைத் தெருமுனைக்கு வரவழைத்து, "நானே குடிச்சுக் காட்டுறேன்" என்றார். குமாஸ்தா கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து குழாயைத் திறந்தார். டம்ளரில் ஊற்றியது என்னவோ கோட்டுக்குள் ஒளித்துவைத்திருந்த புட்டியிலிருந்து. மேயர் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் அது. மேயர் மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "அடடா, தேன்!" என்றார். கூட்டம் கைதட்டியது, குடங்களோடு குழாயடிக்கு வந்தது. அந்த மாதமே விஷக்காய்ச்சல் வந்து அந்தத் தெருவில் ஒன்பது பிள்ளைகள் போயின. ஒன்று குமாஸ்தாவுடைய அக்காவின் மகன். குமாஸ்தாவுக்குப் பதவி உயர்வு வந்தது, ஊரின் மறுகோடியில் பெரிய வீடும் வந்தது. தூ! நினைத்தாலே வாய் கசந்தது.

இப்போது சிலையின் திரையை விலக்க விழாக்குழு அக்காவைத்தான் கூப்பிட்டிருந்தது. மேயரை நம்பிய தெருவின் பிரதிநிதியாம். சவக்குழியின்மேல் நின்று கைதட்டச் சொல்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள். அவள் திரையை இழுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று குமாஸ்தா கிளம்பினார்.

அக்கா நல்ல உடுப்பைத் துவைத்து மடித்துவைத்திருந்தாள்.

"வாடா. நாளைக்கு முன்வரிசையில உக்காரு, எனக்குக் கை நடுங்கும்" என்றாள். "காய்ச்சல் வந்தது தண்ணியாலதான்னு எத்தனை பேரு சொன்னாங்க! மேயரே குடிச்ச தண்ணிடா அது. என் புள்ளைக்கு ஆயுசு அவ்வளவுதான்."

"அவரு குழாய்த் தண்ணியக் குடிக்கலக்கா."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கோட்டு, புட்டி, தொட்டி, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்லத் தன் குரலே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அதிலும் "என் வேலை போயிடும்னு பயந்துட்டேன்" என்று சொன்னபோது தன் வாயிலேயே ஓங்கி அறைந்துகொள்ளலாம்போல் தோன்றியது.

அக்கா அழவில்லை. மடித்த உடுப்பை உதறி, மறுபடி மடித்தாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அந்த மாசம் உன் வீட்டுல என்ன தண்ணி குடிச்சீங்க?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. மேயரைத் திட்டுவாள், சிலையைச் சபிப்பாள் என்றுதான் நினைத்திருந்தார்.

"சொல்லுடா. உன் புள்ளைங்க என்ன குடிச்சாங்க?"

"காய்ச்சின தண்ணி" என்றார். "குழாய் திறந்த நாள்லேருந்தே காய்ச்சித்தான் குடுத்தோம். வெளிய தெரியாம."

"நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல அப்ப ஒரு சுவருதானேடா இருந்துச்சு" என்றாள் அக்கா.