மூக்கக்கா சொன்ன பக்குவம்

குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு ஒரு பிடி உரத்தை அள்ளினாள் மூக்கக்கா. நகரத்துக் காய்கறிக் கழிவெல்லாம் இந்தக் கூடத்தில்தான் மக்கி உரமாகும். பக்குவமானதில் நனைந்த மண்ணின் வாசம் வரும், ஆகாததில் புளித்த நாற்றம். முகர்ந்து சொல்வது அவள் வேலை. அவள் சரி என்றால்தான் மூட்டை கட்டுவார்கள்.

கொள்ளைநோய்க்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோதும் குப்பை நிற்கவில்லை, இவளும் நிற்கவில்லை. கடைசியில் இவளுக்கும் காய்ச்சல் கண்டது. பன்னிரண்டு நாள் கிடந்து எழுந்தாள். போகிற போக்கில் காய்ச்சல் மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. பாழாய்ப்போன நோய்க்கு வேறு எதுவுமா கிடைக்கவில்லை! புருஷன் வேலை பார்த்த தையல் ஆலை மூடிக்கிடந்தது. பயத்தில் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"என்னக்கா, அத்தர் கடைக்கு வந்த மாதிரி இவ்வளவு நேரம் மோந்து பாக்குற?" என்று சிரித்தாள் சல்லடைக்காரி.

"உனக்கென்ன, சும்மா ஆட்டுற வேலை" என்று இவளும் சிரித்துவைத்தாள்.

மேற்பார்வையாளர் அவசரப்பட்டார். "லாரி நிக்குதும்மா. ஆச்சா, ஆகலையா?"

நிறம் கறுத்திருந்தது. சூடும் அடங்கியிருந்தது. தண்ணீர் கோத்து உள்ளே அழுகிய குவியலும் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"ஆச்சு சார்."

பத்தாம் நாள் அவர் கூப்பிட்டனுப்பினார். உரம் போட்ட நாற்றெல்லாம் கருகிவிட்டதாம். வாங்கியவர்கள் இனி இந்தப் பக்கமே வரமாட்டார்களாம். மூடியிருந்த டப்பாவைத் திறந்து அவள் முகத்தருகே நீட்டினார்.

"இது என்ன வாசம்?"

உள்ளே கறுப்பாக ஏதோ பொடிந்து கிடந்தது. "மண்வாசம் சார்."

பக்கத்தில் சல்லடைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வேலையில வச்சிருப்பீங்களா சார்?"

அவர் டப்பாவை மூடினார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். வாங்க ஆளில்லாமல் அந்த மாதமே கூடத்தையும் பூட்டினார்கள். லாரிகள் குப்பையை அவள் தெருவுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கொட்டத் தொடங்கின.

ஒரு காலையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கண் எரிந்து நீர் வழிந்தது. நல்ல காரம் போல என்று புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி இருமிக்கொண்டே கத்தினாள். "ஏ புள்ள, ஜன்னலச் சாத்து! பின்னாடி குப்பையக் கொளுத்துறாங்க, குடலப் பொரட்டுது. உனக்கு ஒண்ணும் தெரியலயா?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தாள்.