ஒன்பது மைலுக்கு அப்பால் ஒரு விளக்கு

புகை மேலே போகவில்லை.

மார்லிஸ் அதைக் கவனித்தபோது மணி நாலேகால். ஏரிப் பனியில் துளைபோட்டு மீன் பிடிக்க ஆர்விட் போட்டிருந்த கொட்டகையிலிருந்து கிளம்பிய புகை இரண்டு ஆள் உயரம் ஏறியது. பிறகு யாரோ மேலே கண்ணாடி வைத்துத் தடுத்தமாதிரி அப்படியே படுத்துக்கொண்டு, உறைந்து கிடந்த ஏரியின்மேல் பரவ ஆரம்பித்தது.



ஐந்து மணிக்கு அவள் இங்கே ஒரு விளக்கை ஏற்ற வேண்டும். ஒன்பது மைல் தள்ளி, எதிர்க்கரையில், அவள் புருஷன் வெர்லின் தொலைநோக்கியோடு பனிமேல் உட்கார்ந்திருக்கிறான். விளக்கு கண்ணில் படாவிட்டால் அவன் வீடு திரும்புவான். பட்டுவிட்டால் திரும்ப மாட்டான். அவளும் இனி ஒருபோதும் அவனைக் கூப்பிடக் கூடாது.

பந்தயம் போன செவ்வாய்க்கிழமை பிறந்தது.

ஊர்க் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் மைக். வெர்லின் தன் மூன்று நிமிடத்தையும், பல் சொத்தையாகாமல் இருக்கக் குடிநீரில் கலக்கும் ஃப்ளோரைடுக்கே செலவழித்தான். "தண்ணியில எதையோ கலந்து கொடுக்கறாங்க. நம்மளை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றான். கூடம் மொத்தமும் திரும்பி மார்லிஸைப் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? பத்தொன்பது வருஷமாக ஊர்த் தண்ணீர் நிலையத்தை நடத்துகிறவள் அவள்தான். லிட்டருக்குப் பூஜ்யம் புள்ளி ஏழு மில்லிகிராம் என்று தினமும் காலையில் அளந்து எழுதி வைப்பவளும் அவள்தான்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வெர்லின், முதல்ல பூமி உருண்டைன்னு ஒத்துக்கோ. அப்புறம் தண்ணியைப் பத்திப் பேசலாம்!"

கூடம் சிரித்தது. மார்லிஸ் சிரிக்கவில்லை. அவன் காதுமடல் சிவப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்த சிவப்பு அது.

கார் நிறுத்துமிடத்தில் அவனை மடக்கினாள்.

"ஏரிக்கு அந்தப் பக்கம் ஒன்பது மைல். என் நெஞ்சு உயரத்துல ஒரு விளக்கு. பூமி வளைஞ்சிருந்தா அது உன் பார்வைக்கு இருபத்தாறு அடி கீழ போயிடும். கணக்குப் போட்டுப் பாரு."

"போட்டுட்டேன். நாலு ஆள் உயரம்" என்றான் வெர்லின். "தண்ணி எங்கயாவது கூன் போட்டு நிக்குமா மார்லி? உறைஞ்சு போன ஏரியைப் பாரு. பலகை மாதிரி இருக்கு."

"கண்ணுக்கு எதுதான் பலகை மாதிரி இல்லை? சோதிச்சுப் பாத்துடுவோம்."

"தெரிஞ்சா?"

"நீ சொல்லு."

அவன் கொஞ்ச நேரம் பூட்ஸால் பனியைக் கிளறினான். "தெரிஞ்சா என்னை வீட்டுக்குக் கூப்பிடறதை நிறுத்திடணும். ஞாயித்துக்கிழமை போன் எல்லாம் வேண்டாம். தெரியலேன்னா மறுநாளே மூட்டை கட்டிட்டு வர்றேன். உன் குழாய்த் தண்ணியிலயே காபி போட்டுக் குடிக்கறேன். போதுமா?"

ஜெயிக்கப் போகிற பந்தயம் என்றுதான் அவள் கை கொடுத்தாள்.

இப்போது இந்தப் புகை!

பனியை ஒட்டிக் கடும் குளிர், அதற்கு மேலே மேற்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான காற்று. இந்த மாதிரி நாளில் வெளிச்சம் நேராகப் போகாது. கீழ்ப்பக்கமாக வளைந்து, ஏரியின் முதுகைத் தடவிக்கொண்டே போய்ச் சேரும். எதிர்க்கரையைப் பார்த்தாள். வழக்கமாகக் கோடாகக்கூடத் தெரியாத பைன் மரங்கள் இன்று பனியை விட்டு எழும்பி, அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

மரமே தெரிகிறது என்றால் விளக்கு தெரியாதா? நாளும் நேரமும் குறித்தபோது காற்றை யோசிக்கவில்லையே!

கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு ஆர்விட் வந்தான். தூண்டில் கடைக்காரன், வெர்லினின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. கையில் காபி.

"என்னம்மா, மீன் செத்த மாதிரி முகத்தை வெச்சிருக்கே?"

சொன்னாள். அவன் புகையைப் பார்த்தான், மரங்களைப் பார்த்தான், காபியை ஒரு மடக்கு குடித்தான்.

"இவ்வளவுதானா? விளக்கை ஏத்திட்டு அதுக்கு முன்னால நின்னுடு. உன் கோட்டு தாண்டி சூரியனே வராது. நான் அந்த நேரம் உள்ள போய்த் தூண்டிலைப் பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆர்விட்."

"என்ன ஆர்விட்? பூமி உருண்டையா இல்லையா?"

"உருண்டைதான்."

"அப்ப இது பொய்யே இல்ல. நிஜத்துக்கு ஒரு சின்ன உதவி, அவ்வளவுதான்."

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். நிஜத்துக்கு உதவி. அவள் ஒரு தடவை செய்து பார்த்த வேலைதான் அது.

முதுகில் ஆபரேஷன் ஆகி வெர்லின் இரண்டு மாதம் படுத்திருந்தான். அப்போது கம்ப்யூட்டரில் தட்டைப் பூமி, தண்ணீர்ச் சதி என்று பார்க்க ஆரம்பித்ததுதான் எல்லாம். முதலில் வேடிக்கையாகச் சொன்னான். பிறகு குழாயைத் தொடுவதை நிறுத்திவிட்டு, சாலையோர ஊற்றிலிருந்து கேன் கேனாகப் பிடித்துவந்து குடித்தான். கிருமி இருந்து தொலைக்கப் போகிறதே என்ற பயத்தில், அவன் தூங்கும்போது கேனைத் திறந்து ஒரு புட்டி தண்ணீர் எடுத்துப் போய்ச் சோதித்தாள். கிருமி இல்லை. ஃப்ளோரைடு இருந்தது, பாறையிலிருந்து ஊறிவந்தது. ஒன்று புள்ளி ஒன்று. ஊர்க் குழாயைவிட அதிகம்!

அன்று சாப்பாட்டு மேஜையில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"என் கேனைத் திறந்தியா?"

"உன் நல்லதுக்குத்தான் வெர்லின், கிருமி..."

"என்னைக் கேக்காம?"

மறுநாள் காலையில் எதிர்க்கரையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். பதினாலு மாதம் ஆகிறது. அவன் பக்கத்துத் தலையணையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"மார்லி, அஞ்சு ஆச்சு. ரெடியா?"

"ரெடி."

"எத்தனை தடவை அணைச்சு ஏத்தறேன்னு முன்னாடியே சொல்லாதே. நான் எண்ணிச் சொல்றேன். அப்பத்தான் கணக்கு சுத்தம்."

விளக்கை முக்காலியில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து ஏற்றினாள். ஒரு எட்டு பக்கவாட்டில் வைத்தால் போதும். கறுப்புக் கோட்டு மறைத்துவிடும். நாளைக்கு அடுக்களையில் அவன் காபி போடுவான், அளவில்லாமல் தூளைக் கொட்டி. அவள் திட்டுவாள்.

கால் நகர்ந்தது. பாதி வெளிச்சம் கோட்டில் விழுந்தது.

உன் நல்லதுக்குத்தான் வெர்லின்.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சுவிட்சில் விரலை வைத்தாள்.

"ஒண்ணு" என்றது வாக்கி டாக்கி.

அவன் குரல் குதித்தது. "ரெண்டு! மூணு! தெரியுது மார்லி, பளிச்சுனு தெரியுது!"

கொட்டகைக்குள்ளிருந்து ஆர்விட் கெட்ட வார்த்தை சொல்வது கேட்டது. அவள் நிறுத்தவில்லை. அணைத்தாள், ஏற்றினாள். பத்தைத் தாண்டியதும் அவன் குரலில் குதிப்பு குறைந்தது. பதினைந்தில் மெதுவானது. இருபது. இருபத்தொன்று.

"இருபத்திரண்டு."

கல்யாணமாகி எத்தனை வருஷமோ அத்தனை. அதோடு அவள் விரலை எடுத்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஜெயிச்சுட்டே" என்றாள் மார்லிஸ். "குளிர்க் காத்து வெளிச்சத்தை வளைச்சுக் கொண்டாந்து உன்கிட்ட விட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்லை. ஆனா பேச்சு பேச்சுதான்."

"உனக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும்."

"நாலேகாலுக்கே தெரியும், இன்னைக்கு இப்படித்தான் ஆகும்னு."

"நாலேகாலுக்கேவா? அப்ப முன்னால நின்னு மறைச்சிருக்கலாமே."

"கால் கொஞ்சம் நகர்ந்துச்சு. அப்புறம் இழுத்துக்கிட்டேன். அளவுல கை வைக்க எனக்கு வராது."

"என் கேன்ல மட்டும் வருமாக்கும்."

வெடுக்கென்று பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வேறு வார்த்தை வந்தது.

"அது தப்பு வெர்லின். உன்னைக் கேட்டிருக்கணும்."

பதினாலு மாதத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. கிருமியைப் பற்றியும் பாறையைப் பற்றியும்தான் சொல்லியிருக்கிறாள்.

சாப்பிட்டாயா என்று கேட்க நினைத்தாள். வீட்டுக்கு வா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கூப்பிடக் கூடாது. கை கொடுத்தாயிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டு விளக்கை அணைக்கக் குனிந்தாள்.

"அணைச்சிடாதே."

கை நின்றது.

"இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்" என்றான் வெர்லின். "பாத்துக்கிட்டிருக்கேன்."

ஆர்விட் வெளியே வந்து விளக்கின் பேட்டரியைத் தட்டிப் பார்த்தான். "இந்தக் குளிருக்கு இன்னும் பத்து நிமிஷம் தாங்காது, சொல்லிட்டேன்."

"உன் வண்டி பேட்டரியைக் கழட்டிட்டு வா" என்றாள் மார்லிஸ், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வீட்டுக்கு நடந்தா போறது?"

"நடப்போம்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை நோக்கிப் போனான். அவள் விளக்கை முக்காலியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.