சாட்சி போட்ட அக்கா

வீட்டுக்கு எந்தப் பத்திரம் வந்தாலும் அக்கா ஃபீபியைக் கையெழுத்திடச் சொல்வது நெல்வினின் வழக்கம். தோல் தொழிற்சாலைச் சம்பளத்தில் கட்டிய ஆம்பூர் வீடு ஃபீபிக்கு, மற்றதெல்லாம் நெல்வினுக்கு என்று அப்பா உயில் எழுதியபோதும் அவளையே சாட்சியாக்கினான்.

அப்பாவை அடக்கம் செய்த மறுநாளே சிரித்தான்.

“நம்ம கிறிஸ்தவங்க உயில்ல சாட்சி போட்டவங்களுக்கு எழுதுன சொத்து செல்லாதுக்கா. எனக்கு அப்பவே தெரியும். வீடு இப்ப எனக்குத்தான். எப்ப காலி பண்ற?”

படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு மலம் அள்ளிய அக்கா கேட்டாள்: “அப்பாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது. உனக்கு வீடு குடுத்துட்டோம்னு நிம்மதியா போய்ச் சேந்தாரு.”

“அது போதும்டா. நாளைக்கே போய்டறேன்.”

சண்டைக்கு வரிந்துகட்டி வந்தவன் முன்னாலேயே துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அதன்பின் அவள் அவன் முகத்தையே பார்க்கவில்லை. திங்களன்று பதிவு அலுவலகத்தில் வீட்டை அவள் பெயருக்கே எழுதிக்கொடுத்தான்.