பூட்டிக்கொண்ட எட்டாம் பாடம்

விடியற்காலை ஐந்து மணிக்கு, ரொட்டிக்கு மாவு பிசைவதற்கும் முன்பே, மகளின் பழைய மடிக்கணினியைத் திறந்து பாடம் கேட்பது நீலம்மாவின் மாறாத வழக்கம். கர்நாடகத்தின் தாவணகெரெயில் பதினெட்டு ஆண்டுகளாக ரவிக்கை தைப்பவர். இணையத்தில் ஒரு மாதம் தேடி, புரியாத ஆங்கில வகுப்புகள் நான்கைத் தொடங்கிக் கைவிட்ட பிறகே, துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கணினியில் வரையக் கற்றுத்தரும் இந்த இலவசக் கன்னட வகுப்பைக் கண்டுபிடித்தார். கண்ட அன்று, வாயில் கடித்திருந்த குண்டூசியை எடுக்கவும் மறந்து கைதட்டினார். வரிக்கு வரி காணொளியை நிறுத்தி நோட்டில் எழுதி, ஏழு பாடங்களை முடித்திருந்தார். திங்கட்கிழமை ஆயத்த ஆடை ஆலையில் தேர்வு. சட்டைக்கை வரைந்து காட்டினால் வேலை. சட்டைக்கை எட்டாம் பாடம்.

சனிக்கிழமை மாலை, அரசுப் பேருந்து ஓட்டுநரான கணவர் வீரபத்ரப்பா, கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றை நீட்டினார்.

"பாரு, நூத்துக்கு நூறு! நீ கடைக்குப் போயிருந்தப்போ மிச்சப் பாடத்தை எல்லாம் ஓடவிட்டு முடிச்சிட்டேன். கேள்வி வந்துச்சு, சரின்னு காட்டுற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தேன்."

நீலம்மா பதறிக் கணினியைத் திறந்தார். சான்றிதழ் பெற்றவருக்கு வகுப்பு முடிந்துவிடும் என்பது அங்கே விதி. பன்னிரண்டு பாடங்களும் பூட்டிக் கிடந்தன.

"சர்டிபிகேட்டே வந்தாச்சு, இனிமே பாடம் எதுக்கு?" என்றார் அவர்.

"ஏங்க, ஒரு ஸ்டாப்லயும் நிக்காம காலி பஸ்ஸை டிப்போவுல கொண்டுபோய் விட்டுட்டு, டயத்துக்கு வந்துட்டேன்னு பெருமை பேசுவீங்களா? நான் இன்னும் ஏழாவது ஸ்டாப்லதான் நிக்கிறேன்!"

அதற்குமேல் விளக்கம் எதுவும் வீரபத்ரப்பாவுக்குத் தேவைப்படவில்லை. மறுநாள் காலை, முந்நூறு பேர் இருந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவரே ஆசிரியைக்குக் குரல்பதிவு அனுப்பினார்.

"சுனந்தா மேடம், நான் நீலம்மா வீட்டுக்காரன். அந்த நூறும் நான் திருடின மார்க்கு. அவ மேல தப்பில்லை. சர்டிபிகேட்டை எடுத்துக்குங்க, பாடத்தைத் திருப்பிக் குடுங்க."

"அண்ணா, எங்க வீட்டுக்காரருக்கும் இப்படிப் பேசக் கத்துக்குடுங்களேன்!" என்றாள் ஹுப்பள்ளிப் பெண்ணொருத்தி. குழுவே சிரித்தது.

பிற்பகலில் ஆசிரியையின் பதில் வந்தது. "எட்டுலேர்ந்து திறந்துவிட்டிருக்கேன். டிரைவர் சார் மட்டும் பக்கத்துல வரக்கூடாது!"

நீலம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார். தோளிலிருந்து மணிக்கட்டுவரை யாரையாவது அளந்துகொள்ளும்படி காணொளி சொன்னது. வீரபத்ரப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, திருப்பத்தில் கைகாட்டுபவரைப் போல வலக்கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஆடாதீங்க," என்று அளவுநாடாவை வைத்தார் நீலம்மா. அளந்தார், நிறுத்தினார், எழுதினார், மீண்டும் முதலிலிருந்து அளந்தார். நீட்டிய கை வலிக்கத் தொடங்கியது. வீரபத்ரப்பா அதைக் கீழே இறக்கவில்லை.