பூண்டு மூட்டை மை

கொடைக்கானல் மலைமேல் பேத்துப்பாறையில் யார் வீட்டுப் பூண்டு மூட்டையானாலும் குறி போடுவது மலைச்சாமிதான். மண்டியில் ஒருத்தர் மூட்டை இன்னொருத்தருக்குப் போய்விடாமல் இருக்க, சாக்கின் மேல் ஊதா மையில் கட்டம் இழுத்து அடையாளம் எழுதுவார். அடிக்குச்சி இல்லாமலே கோடு நேராக வரும். அதற்காக ஊரில் அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயர்தான் அவரைக் கெடுத்தது.

பெண்டாட்டி அழகம்மாளுக்கு இடது காதுக்கு முன்னால் கட்டி. அறுத்தும் முழுசாக வரவில்லை. எண்பத்திரண்டாம் வருசம் ஐப்பசியிலிருந்து மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டிருந்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை இருவரும் அங்கே; சனியும் ஞாயிறும் மலைக்கு வந்துவிடுவார்கள். முப்பது தடவை வைக்க வேண்டும், பன்னிரண்டு முடிந்திருந்தது. முதல் நாளே டாக்டரம்மா அவள் கன்னத்தில் ஊதா மையால் ஒரு கட்டம் வரைந்து, முடியும்வரை அதில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

அந்தக் கட்டம் எதற்கென்று மலைச்சாமிக்கு விளங்க வைத்தது கொடைக்கானல் மிஷன் கிளினிக் நர்ஸ் லீமா. கிளினிக்குக்குக் காய்கறி போடப் போனவரிடம், வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போன ஒரு பத்திரிகையைப் பிரித்துக் காட்டினார்.

“அமெரிக்காவுல கார்பன் அணுவ ஓடவிட்டு வைத்தியம் பாக்குறாங்கண்ணே. இத்தன அங்குலம் உள்ள போய் நில்லுன்னா, அங்க போய் நிக்கும். தன் வேகத்தப் பூரா அந்தக் கட்டியிலதான் கொட்டும். அதத் தாண்டி ரொம்பப் போகாது.”

“கார்பன்னா கரிதானுங்களே சிஸ்டர்? எங்க ஊர்ல மூட்டை மூட்டையாக் கெடக்கு.”

“கரி கெடக்கும். அத ஓட்டுற மெஷின் நம்ம ஏரி அகலத்துக்கு வேணும். அங்கயே இன்னும் சோதனையாத்தான் பண்றாங்க.”

“அப்ப மதுரையில வைக்கிறது?”

“அது கோபால்ட் கதிர். அதுக்கு நிக்கத் தெரியாது. நுழைஞ்ச எடத்துலருந்து மறுபக்கம் வரைக்கும் சுட்டுக்கிட்டே போகும். அதனாலதான் கட்டம் போட்டு, அதுக்குள்ள மட்டும் விடுறாங்க.”

பன்னிரண்டாவது முடிந்த வாரம், சனிக்கிழமை, அழகம்மாளின் கூடப்பிறந்த அக்கா இறந்துபோனாள். எழவு வீட்டில் கன்னத்தைத் துணியால் மூடிக்கொண்டே அழகம்மாள் அழுதாள். அடக்கம் முடிந்து திரும்பியபோது வாசலில் மலைச்சாமியின் அத்தை ராக்காயி நின்றுகொண்டிருந்தாள்.

“ஏலே மலைச்சாமி, பரண்ல வெதப்பூண்டு கெடக்கு. தலைமுழுகாம இவ உள்ள போனா ஒரு பல்லு மொளைக்காது.”

“கழுத்தோட ஊத்திக்கிறேன் அத்தை,” என்றாள் அழகம்மாள்.

“கழுத்தோட ஊத்துறதுக்குப் பேரு தலைமுழுக்கா?”

அழகம்மாள் அன்று ராத்திரி மாட்டுக்கொட்டத்தில் படுத்துக்கொண்டாள். நல்ல பனி. விடிந்ததும் இருமினாள். மலைச்சாமி பொறுக்கமாட்டாமல் வெந்நீர் வைத்து, கன்னத்தை உள்ளங்கையால் பொத்திக்கொள்ளச் சொல்லித் தானே தலையில் ஊற்றினார். கையை எடுத்தபோது கீழ்க்கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மற்ற மூன்றும் இல்லை.

கட்டம் அழிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நோயாளிகள் தங்கும் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் யாரோ சொல்லியிருந்தார்கள். மலைச்சாமி மை டப்பாவை எடுத்தார்.

“தினம் பாத்த கட்டம்தானே. கண்ண மூடிக்கிட்டே போடுவேன்.”

“கண்ணத் தொறந்துக்கிட்டே போடுங்க,” என்றாள் அழகம்மாள்.

திங்கட்கிழமை வெள்ளனே பஸ். மலையடிவாரம் காட்ரோடு வந்து சேரும்வரை மலைச்சாமி அவள் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் மேல்கோட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் முன்பு இரண்டு விரல் இடம் இருந்ததா, ஒன்றரை விரலா? மூட்டையில் கோடு தள்ளிப் போனால் பூண்டுக்கு ஒன்றும் ஆகாது. நிக்கத் தெரியாது என்று லீமா சொன்னது வளைவுக்கு வளைவு ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் கரண்டு மெஷின் ஓட்டும் பொன்னுவேல் கட்டத்தைப் பார்த்தார். “மை பளிச்சுன்னு இருக்கே. நல்லாப் பாத்துக்கிட்டீங்க. ஏறிப் படுங்கம்மா.”

அழகம்மாள் படுத்தாள். பொன்னுவேல் வெளியே வந்து கனமான கதவைத் தள்ளினார். அது பாதி மூடியபோது மலைச்சாமி குறுக்கே கையை வைத்தார்.

“சார், அது நீங்க போட்ட கட்டம் இல்லீங்க. நான் போட்டது.”

“நீங்கன்னா?”

“பூண்டு மூட்டைக்குக் குறி போடுற மைங்க.”

பொன்னுவேல் கதவைத் திரும்பத் திறந்துவிட்டார். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார்.

டாக்டரம்மா முதல் நாள் எழுதி வைத்த அளவுத்தாளை எடுத்துக் காதிலிருந்தும் கண்ணோரத்திலிருந்தும் அளந்தார். கீழ்க்கோடு சரி. மேல்கோடு கண் பக்கம் ஒரு விரல் ஏறியிருந்தது.

“மிச்சம் பதினெட்டு தடவையும் இதையே நம்பி வச்சிருந்தா இந்தக் கண்ணு போயிருக்கும். அழிஞ்சா அழிஞ்சதுன்னு சொல்லத் தெரியாதா?”

“வீட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னா? அளவு எங்கிட்ட இருக்கு. அரைமணி நேர வேலை.”

அவர் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மலைச்சாமியின் கோடுகளைத் துடைத்தார். சீக்கிரம் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கக் கன்னம் சிவந்தது. அழகம்மாள் முழங்கையை நீட்டினாள். அதில் சின்ன வயதில் குத்திய பச்சை, ஒரு தேளும் நாலு புள்ளியும்.

“டாக்டரம்மா, இது நாப்பது வருசமாக் கெடக்கு. எத்தன சாவுக்குத் தலைமுழுகியிருப்பேன், ஒரு புள்ளி போகலை. கட்டத்தையும் இப்படிக் குத்திவிட்டா என்ன?”

டாக்டரம்மா அந்தத் தேளை விரலால் தேய்த்துப் பார்த்தார். “மூஞ்சியாச்சேன்னுதான் குத்தல. சாகிற வரைக்கும் போகாதும்மா.”

“மூஞ்சிய வச்சு இனிமே எனக்கு என்ன சோலி? கண்ணு இருந்தாப் போதும்.”

ஊசியில் கறுப்பு மை தொட்டு, கட்டத்தின் நாலு மூலைக்கும் நாலு புள்ளி குத்தினார்கள். எள்ளை விடச் சின்னது. “அண்ணே, நீங்க இனிமே மூட்டையோட நிறுத்திக்கங்க,” என்று சொல்லிக்கொண்டே பொன்னுவேல் கதவை மூடினார். மேலே சிவப்பு பல்பு எரிந்தது. அது அணையும்வரை மலைச்சாமி உட்காரவில்லை.

அழகம்மாள் வெளியே வந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“வலிச்சுச்சா?”

“ஊசி வலிச்சுச்சு. கரண்டு என்னிக்கு வலிச்சுச்சு?” என்றாள். நாலெட்டு நடந்ததும், “அக்கா கருமாதிக்கு நல்லாத் தலைமுழுகிட்டே உள்ள போவேன். உங்க அத்தைக்கிட்ட சொல்லிவைங்க,” என்றாள்.